எடுத்துக்காட்டு சொல்லாமல் விட்ட வார்த்தைகள்

தம்பி,

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் வேகத்தைக் கூட்டிவிட்டுக் கேட்பாய். அப்போது என் குரல் கோழி கொக்கரிக்கிற மாதிரி இருக்கிறதென்று நீயே சொல்லிச் சிரித்திருக்கிறாய். காகிதத்தை அப்படி ஓடவிட முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன். ஒரு டீயைக் கலக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்து படி. நடுவில் கோபம் வரும். வந்தால் வரட்டும், கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டு.

நேற்று ஷாமினி கூப்பிட்டாள். அவள் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்ததும் கொஞ்ச நாள் ஸ்ரீ கெம்பாங்கானில் உங்கள் புது வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாமா என்று உன்னிடம் கேட்டாளாம். "ஆன்டிக்கு நம்ம வீடெல்லாம் சரிப்பட்டு வராது. நல்ல நர்சிங் ஹோமா பாரு" என்றாயாம். அந்தப் பெண் உன்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. "அத்தை, அவருக்கு எங்கம்மா மேல அப்படி என்ன கோவம்?" என்று மட்டும் கேட்டாள். உன் கோபம் எதனால் என்று எனக்குத் தெரியும் தம்பி. ஆனால் அது போய்ச் சேர வேண்டிய விலாசம் பிரிக்பீல்ட்ஸில் உன் மாமியார் வீடு இல்லை. பண்டமாரான், நம் வீடு, அடுப்படியில் நிற்கிற உன் அம்மா.

உனக்கு ஞாபகம் இருக்கும். நாம் பிரிக்பீல்ட்ஸ் போய்ப் பெண் கேட்டுவிட்டு வந்த பிறகு, நாள் குறிப்பதைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம் என்று அங்கிருந்து செய்தி வந்தது. காரணம் சொல்லவில்லை. நீ ஹாலில் நின்றுகொண்டு கத்தினாய். "தாத்தா ரப்பர் மரம் வெட்டுனவரு, அப்பா லோரி ஓட்டறவரு. அவங்க தலைமுறை தலைமுறையா கவர்மெண்ட் ஆபீசு, வீட்டுக்குள்ளயே இங்கிலீஷு. நம்மள பார்த்தா எளக்காரமா இருக்கு, அதான்லா மா!" என்றாய். நானும் உன்னோடு சேர்ந்துகொண்டு, "பெரிய சிலோன் குடும்பம், ரொம்பத்தான்" என்று உதட்டைச் சுழித்தேன். உன் அப்பா மட்டும் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "தெரியாம பேசாதீங்க ரெண்டு பேரும்" என்றார். அவர் பேச்சை நாம் என்றைக்குக் கேட்டிருக்கிறோம்? நான் உதட்டைச் சுழித்ததை நினைத்தால் இப்போது எனக்கே கூசுகிறது.

கதையை ஆதியிலிருந்து சொல்கிறேன். பெண் கேட்கப் போவதற்கு முன்னால் நீ என்ன சொன்னாய்? "மா, ஷாமினி அம்மா ஸ்கூல்ல இங்கிலீஷ் டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவங்க. இங்கிலீஷ்லதான் பேசுவாங்க. நீங்க சும்மா சிரிச்சிட்டு உக்காந்திருங்க, போதும்." அக்கறையாகத்தான் சொன்னாய், தெரியும். ஆனால் சுருக்கென்று தைத்தது. வேர்ஹவுஸ் கேன்டீனில் இத்தனை வருஷம் மலாயில் பேசி மலாயில் சண்டை போட்டு மலாயில் ஜெயித்தவள் நான். எனக்கு இங்கிலீஷ் என்றால் "யெஸ் பாஸ்", "கேன்", "கேனாட்" அவ்வளவுதான். என் பிள்ளையின் கல்யாணப் பேச்சில் நான் பொம்மை மாதிரி சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? அன்றைக்கே போய்க் கவிதாவைப் பார்த்தேன். உன்னோடு தமிழ்ப்பள்ளியில் படித்தாளே, இப்போது நம் தாமான் குடியிருப்பில் டியூஷன் நடத்துகிறாளே, அந்தக் கவிதாதான். "ஆன்டி, எங்க லேடீஸ் குரூப்ல சேருங்க" என்றாள்.

அந்த வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் காலையில் ஓர் இங்கிலீஷ் வார்த்தை வரும். மனுஷரை வர்ணிக்கிற வார்த்தை. கீழே அதற்கு விளக்கம், அதற்கும் கீழே ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். பொழுது சாய்வதற்குள் நாங்கள் ஒவ்வொருவரும் அதே வார்த்தையை வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் பேசி அனுப்ப வேண்டும். கவிதா அனுப்புவதெல்லாம் ஒரு விவசாயி, ஓர் அரசன், ஒரு பக்கத்து வீட்டுக்காரர் என்று யாரோ எவரோ. எங்களுக்கு அரசனைத் தெரியுமா? எல்லாரும் அவரவர் புருஷனை வைத்துத்தான் சொன்னோம். ஒரே வாரத்தில் எங்கள் தாமான் ஆம்பளைகள் அத்தனை பேரும் கஞ்சன், குறட்டைக்காரன், மறதிக்காரன் என்று ஆகிவிட்டார்கள். நான் மட்டும் உன் அப்பாவை விட்டுவிட்டு உன்னைப் பிடித்துக்கொண்டேன். எந்த வார்த்தை வந்தாலும் அதற்கு உன்னிடம் ஒரு கதை இருந்தது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க வீட்டுல வெள்ளக்காரி வந்துட்டாடோய்" என்று கிண்டலடிப்பார்.

கவிதாவுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. யாராவது வார்த்தையையும் விளக்கத்தையும் மட்டும் ஒப்பித்தால் விடமாட்டாள். "வாக்கியம் எங்க ஆன்டி? வாக்கியம் இல்லாத வார்த்தை செல்லாது" என்பாள். குழந்தைகளுக்குச் சொல்கிற மாதிரி எங்களுக்கும் சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். அந்தப் பேச்சின் அருமை எனக்கு அடிபட்ட பிறகுதான் விளங்கிற்று.

பெண் கேட்கப் போன நாளுக்கு வருகிறேன். தாம்பூலத் தட்டுகளையெல்லாம் கொடுத்து முடித்து, நீயும் அப்பாவும் ஹாலில் உட்கார்ந்திருந்தீர்கள். ஷாமினி வடை எடுத்து வந்தாள். சம்பந்தியம்மா டீ போட எழுந்தார்கள், நானும் ஒத்தாசைக்குப் பின்னாலேயே போனேன். பளிச்சென்ற சமையலறை. அவர்கள் கேத்தலை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்து, "உங்கள் மகனைப் பற்றிச் சொல்லுங்களேன்" என்று இங்கிலீஷில் கேட்டார்கள். எனக்குப் புரிந்துவிட்டது! அடேயப்பா, அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன். படித்த பாடத்திலேயே கேள்வி வந்த மாதிரி இருந்தது.

இங்கேதான் உன் அம்மாவின் புத்தி வேலை செய்தது பார். நம் பக்கத்துப் பழக்கம் உனக்குத் தெரியும். பெற்றவள் வாயால் பிள்ளையைப் புகழக் கூடாது, கண் பட்டுவிடும். அதிலும் சம்பந்தி வீட்டில் புகழ்ந்தால் அது தற்பெருமை. நாம் தாழ்த்திச் சொல்ல வேண்டும், அவர்கள் தூக்கிப் பிடிக்க வேண்டும். "எம்புள்ள சரியான சோம்பேறி" என்று நான் சொன்னால், "ஐயையோ, அப்படிச் சொல்லாதீங்க, தங்கமான புள்ளையாச்சே" என்று எதிரில் இருப்பவர் சொல்ல வேண்டும். அதுதான் மரியாதை, அதுதான் முறை. உன் சித்தி கல்யாணத்தில் பாட்டி அவளை வாய்க்கு வாய் "விளங்காதது" என்று சொல்லித்தான் கட்டிக்கொடுத்தார்கள். அதையே நானும் செய்தேன். இங்கிலீஷில் செய்தேன். முதுகை நிமிர்த்திக்கொண்டு, "மை சன் வெரி ஸ்டப்பர்ன். ஆல்ஸோ சீக்ரெட்டிவ். சம்டைம்ஸ் மூடி" என்றேன். பிடிவாதக்காரன், எதையும் மறைக்கிறவன், முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறவன். சொல்லிவிட்டு, "நோ லா" என்று அவர்கள் சொல்வதற்காகச் சிரித்த முகமாகக் காத்திருந்தேன்.

அவர்கள் "நோ லா" சொல்லவில்லை. கையில் இருந்த டீ டப்பாவை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "இஸ் இட்?" என்று மட்டும் கேட்டார்கள். நான் அதை எப்படி எடுத்துக்கொண்டேன் தெரியுமா? என் இங்கிலீஷைக் கேட்டு அசந்துபோய்விட்டார்கள் என்று! காரில் கிள்ளானில் நம் வீடு வரும்வரை எனக்குக் கால் தரையில் படவில்லை. "என்னமா பேசிட்டேன் தெரியுமா?" என்று உன் அப்பாவின் தொடையில் தட்டித் தட்டிச் சொன்னேன். நீ வண்டி ஓட்டிக்கொண்டே, "சூப்பர்மா" என்றாய்.

பிறகுதான் அந்தச் செய்தி வந்தது. நீ சாப்பாட்டைக் குறைத்தாய், ஷாமினி போனில் அழுதாள், நான் மூக்கைச் சிந்திக்கொண்டே அவர்கள் குடும்பத்தைத் திட்டினேன். ஒருநாள் காலையில் கவிதா "மாடஸ்ட்" என்ற வார்த்தையை அனுப்பினாள். தன் பெருமையைத் தானே பேசாதவர் என்று விளக்கம். எனக்கு வாக்கியம் தேடவே வேண்டியிருக்கவில்லை. சம்பந்தி வீட்டில் என் பிள்ளையைப் பற்றி அந்த மூன்று வார்த்தையையும் சொல்லி நான் எவ்வளவு அடக்கமாகப் பேசினேன், அப்படியும் அவர்கள் இரக்கமில்லாமல் நடந்துகொண்டார்கள் என்று தமிழும் இங்கிலீஷுமாகப் பேசி அனுப்பினேன். உடனே கவிதா என்னைக் கூப்பிட்டாள்.

"ஆன்டி, அந்த மூணு வார்த்தையையா சொன்னீங்க?"

"ஆமா. ஏன், தப்பா சொல்லிட்டேனா?"

"வார்த்தை கரெக்டுதான். அதுக்கு எடுத்துக்காட்டு ஏதாச்சும் சொன்னீங்களா?"

"அதெல்லாம் எதுக்கு? சும்மா ஒரு பேச்சுக்குத்தானே சொன்னேன்."

"ஐயோ ஆன்டி! பெத்த தாயே இப்படிச் சொல்றாங்களேன்னு அவங்க நெஜமாவே நம்பியிருப்பாங்க. எங்கம்மா வேற யாரப் பத்தியாச்சும் இப்படிக் கேட்டுட்டு வந்தா, என்னை அந்த வீட்டுல குடுப்பாங்களா?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது தன்னை மட்டும்தான் கெடுத்துக்கொண்டது. நான் பெற்ற பிள்ளையின் வாழ்க்கையில் அல்லவா மண்ணள்ளிப் போட்டிருந்தேன்! அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா வந்து விஷயத்தைக் கேட்டார். சிரிப்பார் என்று பயந்தேன், சிரிக்கவில்லை. "கெளம்பு. நேர்ல போய்ச் சொல்லிட்டு வா. வேணும்னா லோரியில கொண்டு போய் விடவா?" என்றார். கன்டெய்னர் லோரியில் போய்ப் பிரிக்பீல்ட்ஸில் இறங்கினால் இருக்கிற மானமும் போய்விடும் என்று கொமுட்டர் ரயிலில் போனேன்.

ரயிலில் இங்கிலீஷ் வாக்கியங்களை உருப்போட்டுக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்த மலாய்க்காரப் பெண் நான் ஏதோ ஜெபம் செய்கிறேன் என்று நினைத்துத் தள்ளி உட்கார்ந்தாள். கதவைத் திறந்து சம்பந்தியம்மா என்னைப் பார்த்ததும் அத்தனையும் பறந்துபோயிற்று. வாசலில் நின்றபடியே தமிழில் கொட்டினேன். "சம்பந்தி, நான் சொன்னது ஒண்ணும் நெஜமில்லீங்க. பாதி நெஜம். மீதிய சொல்லாம விட்டுட்டேன். அதச் சொல்லத்தான் வந்திருக்கேன்." அவர்கள் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தார்கள். நான் விட்டுப்போன எடுத்துக்காட்டுகளைச் சொன்னேன்.

ஸ்டப்பர்ன் என்பதற்கு, உன் பள்ளி பஸ்ஸைச் சொன்னேன். இரண்டாம் வகுப்பில் உன் கூட்டாளி வர நேரமாகிவிட்டதென்று நீ படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றுகொண்டு பஸ்ஸை நகரவிடவில்லை. டிரைவர் அண்ணன் திட்டினார், நான் முதுகில் ஒன்று வைத்தேன், நீ அசையவில்லை. அந்தப் பையன் மூச்சிரைக்க ஓடி வந்து ஏறிய பிறகுதான் ஏறினாய். மூடி என்பதற்கு, உன் பரிசளிப்பு விழாவுக்கு அப்பா வராததைச் சொன்னேன். துறைமுகத்தில் லோரி மாட்டிக்கொண்டது, பாவம் அவர் என்ன செய்வார். நீ அவரோடு பேசாமல் பின்பக்கப் படியில் போய் உட்கார்ந்துகொண்டாய். அவர் சுடச்சுட, வாழைப்பழம் பொரித்த பீசாங் கோரேங் வாங்கி வந்து, உன் பக்கத்தில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார். கடைசியில் நீயே கையை நீட்டினாய். உன் கோபம் வாழைப்பழம் ஆறுகிற நேரம்கூட நிற்காது என்று சொன்னேன்.

சீக்ரெட்டிவ் என்பதற்குச் சொல்லும்போது எனக்கே அழுகை வந்துவிட்டது. நான் கேன்டீனில் வழுக்கி விழுந்து கை எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருந்த சமயம். நீ தினமும் பள்ளி விட்டு வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொள்வாய். தட்டினால் திறக்கமாட்டாய். வயசுப் பையன், என்ன கெட்ட பழக்கமோ என்று நான் அப்பாவிடம் ஓதிக்கொண்டே இருந்தேன். தைப்பூசத்தன்று காலையில் நான் ஒரு கையால் தலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்து சீப்பை வாங்கினாய். கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னல் கம்பியில் ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றைக் கட்டி, போனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் பின்னக் கற்றிருக்கிறாய். கோணல் பின்னல்தான். கோயிலில் எல்லாரும், "யாருக்கா பின்னி விட்டது?" என்று கேட்டார்கள். "பக்கத்து வீட்டுப் பொண்ணு" என்று பொய் சொன்னேன். கண் பட்டுவிடுமே என்றுதான் சொல்லவில்லை தம்பி. பெருமையில் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. அதை உன்னிடம்கூடச் சொன்னதில்லை.

சம்பந்தியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகுதான் வாயைத் திறந்து முதல்முதலாக என்னிடம் தமிழில் பேசினார்கள். "நீங்கள் அண்டைக்கு இதையே தமிழில சொல்லியிருந்தா, தாய்மார் சொல்லுறதுதானே எண்டு நான் சிரிச்சிட்டு விட்டிருப்பன். இங்கிலீஷில சொன்னபடியா உண்மையெண்டு நினைச்சிட்டன்." அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள். "ஷாமினிட அப்பா இன்னொரு குடும்பம் வச்சிருந்தவர். எனக்கு வருஷக்கணக்கா தெரியாது. நீங்கள் சீக்ரெட்டிவ் எண்டதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்திட்டுது. என்ட பிள்ளைக்கும் அதுவா எண்டு பயந்திட்டன்." நாம் என்னடா என்றால் லோரி, ரப்பர் மரம் என்று குதித்துக்கொண்டிருந்தோம்.

"இவ்வளவு அழகா தமிழ் பேசுறீங்க, ஏன் அன்னைக்கு ஒரு வார்த்தகூடப் பேசல?" என்று கேட்டேன். "கதைக்க வெட்கம். என்ட தமிழைக் கேட்டா உங்கட ஆக்கள் சிரிப்பினம் எண்டு நினைச்சன்" என்றார்கள். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. என் இங்கிலீஷுக்கு நான் பயந்த பயமென்ன, தன் தமிழுக்கு அந்தம்மா பயந்த பயமென்ன! இடியப்பமும் சொதியும் போட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டே நாள் குறித்தோம்.

இனிமேல்தான் நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம். கிளம்பும்போது, "வீட்டுக்குப் போனதும் எம்புள்ளகிட்ட உண்மையச் சொல்லிடறேன்" என்றேன். அவர்கள் தடுத்துவிட்டார்கள். "வேண்டாம். கலியாணம் பேசுற நேரத்தில பிள்ளைக்குத் தாயில கோவம் வரக் கூடாது. என்னில கோவிச்சா பரவாயில்லை, நான் புதுசுதானே. போகப் போகச் சரியாகும்." நான் சரி என்றேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்லப் பயமாக இருந்தது, அவர்கள் ஒரு வழி காட்டியதும் அதில் ஒளிந்துகொண்டேன். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் நீ இன்றுவரை அவர்களை "ஆன்டி" என்றுதான் கூப்பிடுகிறாய். அவர்கள் வீட்டுக்குப் போனால், "சாப்பிட்டுட்டுதான் வந்தேன்" என்கிறாய். போன மாதம் அவர்களிடம், "சம்பந்தி, இப்பவாச்சும் சொல்லிடறேனே" என்று கெஞ்சினேன். சிரித்துக்கொண்டே, "அந்த மூடி எண்ட சொல்லுக்கு மட்டும் நீங்கள் எடுத்துக்காட்டு சொல்லியிருக்கவே தேவையில்லை. நான் நேரிலயே பாக்கிறன்" என்றார்கள். மாமியார் உன்னைச் சரியாகத்தான் அளந்து வைத்திருக்கிறார்.

உனக்குப் புத்தி சொல்கிற தகுதி இந்தக் கதைக்குப் பிறகு எனக்கு இருக்கிறதா, தெரியவில்லை. இருந்தாலும் பெற்றவள் வாய் சும்மா இருக்காது. நாளைக்கு ஷாமினியோடு உனக்குச் சண்டை வரும். வராமல் இருக்க நீங்கள் என்ன கோயில் சிலையா? அப்போது "நீ இப்படிப்பட்டவ" என்று ஒரு வார்த்தையை மட்டும் தூக்கி அவள்மேல் எறிந்துவிடாதே. என்ன நடந்தது, எதனால் உனக்கு வருத்தம் என்று வாக்கியமாகச் சொல். வாக்கியமாகச் சொன்னால் அவளும் பதில் வாக்கியம் சொல்வாள். ஒருத்தர்மேல் ஒரு வார்த்தையை ஒட்டிவிட்டால் அதைப் பிய்த்தெடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. "எளக்காரமா பாக்கறவங்க" என்று நீ உன் மாமியார்மேல் ஒட்டினாயே, அதற்கு உன்னிடம் என்ன எடுத்துக்காட்டு இருக்கிறது, யோசித்துப் பார். ஒன்றுகூட இருக்காது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ நல்லவன்டா. பெற்றவள் வாயால் சொல்லக் கூடாதுதான். கண் பட்டால் படட்டும், உப்பும் மிளகாயும் வீட்டில் நிறைய இருக்கிறது, சுற்றிப் போட்டுக்கொள்கிறேன். எனக்கு உன்னை அவ்வளவு பிடிக்கும். ஒரு பிள்ளைக்காக பஸ்ஸை நிறுத்தியவன், ஒரு முழங்காலுக்கு உன் வீட்டில் இடமில்லை என்று சொல்லமாட்டாய். உண்மை தெரியாமல் சொன்னாய், இப்போது தெரிந்துவிட்டது.

இன்று காலை கவிதா அனுப்பிய வார்த்தை "ஜெனரஸ்". தன்னிடம் இருப்பதை மனசாரக் கொடுப்பவர் என்று விளக்கம் போட்டிருந்தாள். நான் இப்படி ஒரு வாக்கியம் அனுப்பினேன்: என் சம்பந்தி ஜெனரஸ், என் பிள்ளையிடம் எனக்கு இருந்த நல்ல பெயரைக் காப்பாற்ற, தன் நல்ல பெயரை விட்டுக்கொடுத்தார். குரூப்பில் எல்லாரும் கைதட்டுகிற பொம்மை போட்டார்கள். யாருக்கும் அர்த்தம் தெரியாது, உனக்குத் தெரியும்.

ஆபரேஷன் முடிந்து அவர்களை வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்கு நீயே காரை எடுத்துக்கொண்டு போ. ஷாமினியைத் தனியாக அனுப்பாதே. முன் சீட்டை நன்றாகப் பின்னால் தள்ளி வை, காலை நீட்டிக்கொள்ளட்டும். நேராக ஸ்ரீ கெம்பாங்கானுக்குக் கூட்டிவா. நான் சொதி வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன், கொண்டுவந்து தருகிறேன். நான் எழுதியதையெல்லாம் அவர்களிடம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம், அவர்களுக்குக் கூச்சமாகிவிடும். கார் கதவைத் திறந்து, கையைக் கொடுத்து, "வாங்க அத்தை" என்று கூப்பிடு. அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் விளக்கமும் தேவையில்லை, எடுத்துக்காட்டும் தேவையில்லை.

உன்
அம்மா